கழிஞ்சமலைக்கும் கண்மாய்க்கும் கூட நின்றவர்களுக்கு

அண்ணன்மார், அக்காமார், அய்யாமார் எல்லாருக்கும் அரிட்டாபட்டியிலிருந்து வணக்கம்.

எங்கள் பக்கத்து மலையிலும் நிலத்திலும் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட விட்ட ஏலம் ரத்தானதும் நன்றி சொல்லாத ஆளே இல்லை. நாங்களும் சொன்னோம். ஆனால் மேடையில் சொல்கிற நன்றி எப்போதும் ஒரே வரிசையில்தான் போகும். முதலில் பதவியில் இருப்பவர்கள், அப்புறம் கட்சிக்காரர்கள், நேரம் மிச்சமிருந்தால் "மற்றும் பலர்". இந்த மடல் அந்த "மற்றும் பலர்" என்பவர்களுக்கு. எழுதுகிற கை ஒன்றுதான், சொல்வது மலையையும் கண்மாயையும் பார்த்துக்கொள்கிற ஊர்க்காரர்கள் அத்தனை பேரும்.

ஊர் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரை மாவட்டம் மேலூர் தாலுகாவில் இருக்கிறோம். ஊரைச் சுற்றி ஏழு மலை. கழிஞ்சமலையில் சமணத் துறவிகள் இருந்த குகைத்தளம், அதன் நெற்றியில் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு, பக்கத்திலேயே தீர்த்தங்கரர் சிலை. இன்னொரு பக்கம் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில், ஊரில் அதற்கு இடைச்சி மண்டபம் என்று பேர். மழை பெய்தால் பாறையில் வழிகிற தண்ணீர் சுனைகளை நிரப்பிவிட்டு, மிச்சம் ஓடையாகி, கண்மாய்க்கு வந்து, மடை வழியாக வயலுக்குப் போகும். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு எங்கள் ஊரிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193 எக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதல். அந்த ஆணைக்காக எடுத்த கணக்கில் 72 ஏரி, 200 ஊற்று, 3 தடுப்பணை, சுமார் 250 வகைப் பறவை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பர் 7-ஆம் தேதி, டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. பரப்பு 2,015 எக்டேர். எங்கள் 193-ம் அதற்குள்ளேயே இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் டிசம்பரில் ஒரு சமாதானப் பேச்சு வந்தது: பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மாற்றி வரையலாமா என்று மத்திய அரசு பார்க்கச் சொல்லியிருக்கிறது என்றார்கள். வெளியூரில் இருப்பவருக்கு அது நியாயமாகக்கூடத் தெரியும். கல்வெட்டுத் தப்பித்தது, கழுகு தப்பித்தது, அப்புறம் என்ன என்று கேட்பார்கள். மலையை விட்டுவைத்து, அதன் தண்ணீர் போய்ச் சேருகிற நிலத்தைத் தோண்டினால் அங்கே மிஞ்சுவது என்ன? யார் யாரெல்லாம் மலையையும் நிலத்தையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்க மாட்டோம் என்று எங்களோடு நின்றார்களோ, அவர்களுக்குத்தான் முதல் கும்பிடு.

கல்வெட்டு வாசித்தவர்களிடம் இருந்து தொடங்குகிறேன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்தக் குகை எங்களுக்குப் பஞ்சபாண்டவர் படுக்கை. ஆடு மேய்க்கப் போனால் வெயிலுக்கு அங்கேதான் படுப்போம். தலைக்கு மேலே பாறையில் கோடு கோடாக ஏதோ இருக்கும், யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. வேதாசலம் அய்யா போன்ற கல்வெட்டு அறிஞர்களும், மதுரைப் பக்கத்து மலைகளுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிற பசுமைநடைக்காரர்களும் வந்து சொன்னபிறகுதான் அது எழுத்து என்று நெஞ்சில் ஏறியது. ஈராயிரம் வருடத்துக்கும் முந்தின எழுத்து. ஒன்றில் நெல்வேலிக்காரர் ஒருவர் இந்தக் குகையைச் செய்து கொடுத்ததாக இருக்கிறது. இன்னொன்றில் இலஞ்சி வேள் மாபரவன் மகன் எமயவன். நெல்வேலி எங்கே, இலஞ்சி எங்கே, எங்கள் மலை எங்கே! அத்தனை தூரத்திலிருந்து வந்து துறவிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த எழுத்துக்கு மேலே பாறையை நீளமாக வெட்டி ஒரு காடி எடுத்திருப்பார்கள். ஒருநாள் ஐப்பசி அடைமழையில் அங்கே மாட்டிக்கொண்டோம். மேலே பாறையில் தண்ணீர் திபுதிபுவென்று இறங்குகிறது. காடிக்கு வந்ததும் அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சரடாக ஓரத்துக்குப் போய் வெளியே விழுகிறது. உள்ளே எங்கள் காலடியில் ஒரு சொட்டு இல்லை. எழுத்தும் நனையவில்லை. உளி பிடித்த அந்த ஆளுக்கும் இந்த மடலில் ஒரு வரி உண்டு.

தீர்த்தங்கரர் சிலை அதற்கு ரொம்பக் காலம் பிந்தியது. முக்குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார், இரண்டு பக்கமும் சாமரம் வீசுகிறவர்கள். கீழே வட்டெழுத்து, அது தமிழின் பழைய எழுத்து முறை. இந்த மலைக்குத் திருப்பிணையன் மலை என்று அதில் பேர் இருக்கிறது. செய்வித்தவர் அச்சணந்தி. கருங்காலக்குடியிலும் கொங்கர்புளியங்குளத்திலும் சிலை செய்வித்தாரே, அதே அச்சணந்திதான். கடைசியில், இந்தத் திருமேனி பாதிரிக்குடியார் காவல் என்று முடிகிறது. அதைப் படித்துச் சொன்ன அன்று ஊரில் ஒரு பெரியவர், "அப்ப நம்ம செய்யிறது புதுசு இல்லையா? அன்னைக்கே ஊர்க்காரன் தலையிலதான் கட்டியிருக்காங்களா?" என்று கேட்டார். சிரித்தோம். ஆனால் அன்றையிலிருந்து மலை வேலைக்குக் கூப்பிட்டால் வராமல் இருந்த சிலரும் வர ஆரம்பித்தார்கள். படிப்பாளிகள் கட்டுரை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். எங்களை உட்காரவைத்து, எங்கள் பாஷையில், ஆடு மேய்க்கிற பையனுக்கும் புரிகிற மாதிரி சொன்னார்களே, அதற்குத்தான் நன்றி.

அடுத்தது பறவைக்காரர்கள். கழுத்தில் பைனாகுலரோடு விடிவதற்கு முன்னால் வந்து நிற்கும்போது, முதலில் சர்வே எடுக்கிற ஆட்கள் என்றுதான் ஊர் சந்தேகப்பட்டது. சர்வே என்றாலே எங்களுக்கு அலர்ஜி. கிரானைட் குவாரிக் காலத்தைப் பார்த்த ஊர்கள் நாங்கள். மேலூர்ப் பக்கம் எத்தனை குன்றுகள் குழியாகப் போயின என்று நான்குவழிச் சாலையில் போகிறவர்களுக்கே தெரியும். பறவைக்காரர்கள் பார்க்க வந்தது வல்லூறையும் கழுகையும். லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லி கழுகு என்று மூன்றையும் காட்டி, எது எந்தப் பாறை இடுக்கில் கூடு வைக்கிறது என்று சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் பையன்கள் பதிலுக்கு அலங்கு (எறும்புத்தின்னி) எந்தப் பக்கம் மண்ணைக் கிளறும், தேவாங்கு எந்தப் புதரில் இருக்கும் என்று காட்டினார்கள். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டுப் போட்டுப் பறவைக் கணக்கு எழுதுகிறார்கள். பறவைக்காரர்கள் அன்று எடுத்த கணக்குகளும் சேர்ந்துதான் 2022 ஆணைக்கு வழி செய்தன.

அந்த ஆணை வந்தபோது ஊரே ஆடிப்பாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மலைக்கு வேலி போட்டுவிடுவார்களோ, ஆடு மாடு மேய்க்க விடமாட்டார்களோ என்று பயம் இருந்தது. நியாயமான பயம். "பாதுகாக்கப்பட்ட" என்று பலகை வைத்த இடங்களில் முதலில் வெளியேறுவது மேய்ப்பவன்தானே. அப்போது திண்ணை திண்ணையாக உட்கார்ந்து, 2002-ஆம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டத்தில் 37-வது பிரிவு என்ன சொல்கிறது, உள்ளாட்சியைக் கலந்துகொண்டுதான் அறிவிக்க முடியும், ஊரின் பழக்க வழக்கத்தை நிறுத்துவதற்கு அல்ல அது என்று பொறுமையாக விளக்கிய வக்கீல்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறோம். முகம் சுளிக்கவில்லை.

2024, 25 பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன, அதனால் வேகமாகப் போகிறேன். கிராம சபைகளில் கை தூக்கிய ஒவ்வொருவருக்கும் நன்றி. அரிட்டாபட்டி என்ற ஒற்றைப் பேர் டிவியில் வந்தாலும், வல்லாளபட்டி, நாயக்கர்பட்டி, கிடாரிபட்டி, நரசிங்கம்பட்டி, மீனாட்சிபுரம், எட்டிமங்கலம், செட்டியார்பட்டி என்று எல்லா ஊரும் தூக்கிச் சுமந்த வேலை அது. பெரிய பேர் எங்களுக்குக் கிடைத்தது, அதில் கொஞ்சம் கூச்சம் எங்களுக்கு இருக்கிறது. மேலூர்க் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு வெயிலில் வந்து நின்றார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றத்தில் ஏலத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேறியது. சனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரைக்கும் நடந்தோம். அந்த வழி நெடுக வாசலில் குடமும் சொம்புமாக நின்று தண்ணீர் மோந்து கொடுத்த அம்மாமார் யார் பேரும் எங்களுக்குத் தெரியாது. ஒரு வீட்டில் ஒரு அப்பத்தா தண்ணீரோடு விடவில்லை, போகிற பிள்ளைகள் நெற்றியில் எல்லாம் திருநீறு பூசிவிட்டுக்கொண்டிருந்தார். சனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. 11,000-க்கும் மேற்பட்டவர்கள் மேல் போட்டிருந்த வழக்குகளையும் திரும்பப் பெறுவதாக மாநில அரசு அறிவித்தது. முடிவு எடுத்தவர்களுக்கும், அதை எடுக்க வைத்தவர்களுக்கும் நன்றி.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. போராட்டம் முடிந்து கேமராக்கள் போனபிறகும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். போராட்டத்துக்கு ஆயிரம் பேர் வரும். கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால் வெட்டப் பத்துப் பேர் வந்தாலே பெரிய விஷயம். அந்தப் பத்துப் பேருக்கு எவ்வளவு சொன்னாலும் தீராது. எங்கள் ஆனைகொண்டான் கண்மாய் 16-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் கட்டினது என்று அரசு ஆணையே சொல்கிறது. ஆனால் கண்மாய்க்குத் தன் வயசு தெரியாது, இந்த வருடம் வரத்துக்கால் அடைத்திருந்தால் இந்த வருடம் தண்ணீர் வராது. சீமைக்கருவேலம் இருக்கிறதே, அதை மேலே வெட்டினால் போதாது, தூரோடு பிடுங்க வேண்டும். மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது செய்தால்தான் தூர் வரும். கை முழுக்க முள் கிழித்த கோட்டோடு திங்கட்கிழமை ஆபீசுக்குப் போன மதுரைப் பிள்ளைகளே, உங்கள் மேனேஜர் என்ன கேட்டாரோ தெரியாது, நாங்கள் மறக்கவில்லை.

டிராக்டரை வாடகை வாங்காமல் விட்ட மாமாவுக்கு, டீசலையும் தன் தலையில் போட்டுக்கொண்டதற்குச் சேர்த்து நன்றி. வேலை நாட்களில் குழம்பு வைத்த மதினிமார்களுக்கு நன்றி. அந்தக் கருவாட்டுக் குழம்புக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள், யாரென்று சொல்லமாட்டேன். மலையில் யாராவது பெயிண்ட் டப்பாவோடு ஏறினால் முதலில் போன் அடிப்பது ஆடு மேய்க்கிற அண்ணன்கள்தான். சம்பளம் இல்லாத காவல்காரர்கள். வேலி போட்டு இவர்களைத்தான் வெளியேற்றுவார்களோ என்று அன்றைக்குப் பயந்தோம்.

நன்றி மடலில் குறை சொல்லக் கூடாதென்பார்கள். ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஊர் பிரபலமானபிறகு வருகிறவர்கள் கூட்டம் கூடிவிட்டது. வாருங்கள், சந்தோஷம். ஆனால் சுனையில் பிஸ்கட் உறை மிதக்கிறது. பாறை மேல் பாட்டிலை உடைத்துவிட்டுப் போகிறார்கள், ஆட்டுக் குளம்பில் ஏறுகிறது. ஈராயிரம் வருட எழுத்துக்குப் பக்கத்தில் காதலி பேரைக் கிறுக்குவதற்கு ஒருவருக்கு மனசு எப்படி வருகிறது என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. டிரோன் பறக்கவிட்டுக் கூட்டுப் பக்கம் போகாதீர்கள். தாய்ப்பறவை முட்டையை விட்டு எழுந்துவிடும். சொன்னதும் கேட்டுக்கொண்டு, தன் குப்பையோடு மற்றவர் குப்பையையும் பையில் போட்டு எடுத்துப் போனவர்கள் எத்தனையோ பேர். உங்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

பணம் அனுப்பட்டுமா என்று கேட்டவர்களுக்கும் நன்றி. பணத்தைவிட ஆள்தான் வேண்டும். மழைக்கு முன்னால் கழிஞ்சமலை அடிவாரத்து ஓடையிலிருந்து கண்மாய் வரைக்கும் வரத்துக்கால் சுத்தம் செய்கிற வேலை இருக்கிறது. ஆடி கழிந்ததும் தேதி சொல்கிறோம். காலையில் ஆறு மணிக்கு இறங்கினால் பத்து மணிக்குள் ஏறிவிடலாம், அதற்குமேல் பாறைச் சூடு தாங்காது. மண்வெட்டி, கடப்பாரை, கூடை எல்லாம் ஊரில் இருக்கிறது. முழுக்கைச் சட்டையும் கெட்டியான செருப்பும் நீங்கள் கொண்டுவர வேண்டும். சோறு எங்கள் பொறுப்பு. கருவாடு ஆகாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சாம்பாரும் வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
மலையையும் கண்மாயையும் பார்த்துக்கொள்ளும் ஊர்க்காரர்கள் சார்பில்,
அரிட்டாபட்டி