இரும்புப் பெட்டியில் கிடந்த கைக்கடிகாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகளின் பழம்பொருள்களைப் பற்றிப் பேசுவோர் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், எனாமல் பாத்திரம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறார்கள். கணக்கேடுகளுக்கு அடியில் கிடக்கும் பழைய கைக்கடிகாரங்களைப் பொருட்படுத்துவோர் குறைவு. அவற்றைக் கைமாற்றும் முன்பும், 'புதுப்பிக்கும்' முன்பும் சற்று நிதானிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

சென்ற தை மாதம், வீட்டுப் பொருள்களைப் பங்கிடுவதற்காக இரண்டாம் கட்டிலிருந்த இரும்புப் பெட்டியைப் பங்காளிகள் எட்டுப் பேர் முன்னிலையில் திறந்தோம். யுத்தத்துக்கு முன் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன எங்கள் ஐயாவின் கைக்கடிகாரம் அதில் இருந்தது. முகப்பில் 'வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, பாம்பே, கல்கத்தா' என்றும் 'சோவார் பிரைமா' என்றும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. ஊர்ப் பெயரைப் பார்த்த உறவினர் ஒருவர், உள்நாட்டுச் சரக்குத்தானே என்று ஒதுக்கிவிட்டார். அவ்விரண்டு ஊர்களும் விற்பனை நடந்த இடங்கள் மட்டுமே. கடிகாரம் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு எச்.எம்.டி. பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியதே 1961-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் நேராது. சோவார் என்பது குதிரைப்படை வீரரைக் குறிக்கும் சொல். இந்த வகை ஒருகாலத்தில் இந்தியாவில் ஏராளமாக விற்றதால், இதை அரிய பொருள் என்று நான் சொல்ல மாட்டேன்.

பின்மூடியைத் திறந்தபோது இயந்திரத்தின் மேல் '15 ஜுவல்ஸ்' என்று பொறித்திருக்கக் கண்டு, பதினைந்து கல்லை எட்டுப் பங்காக எப்படிப் பிரிப்பது என்று ஒருவர் மெய்யாகவே கணக்குப் போடத் தொடங்கினார். சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்காகப் பதிக்கும் செயற்கை மாணிக்கத் துணுக்குகள்தாம் அவை. தனித்து விற்றால் காசு பெறாது. தங்க நிறத்தைக் கண்டு மயங்குவதும் இப்படித்தான். 'ரோல்ட் கோல்டு' என்றோ '20 மைக்ரான்' என்றோ இருந்தால் அது மேற்பூச்சு. பட்டை கோக்கும் காதுகளின் ஓரத்தில் பித்தளை தெரிகிறதா என்று பார்த்தாலே புரிந்துவிடும். சுவிஸ் நாட்டு 18 காரட் தங்கத்தாலான பழைய கூடுகளில் (கடிகாரத்தின் வெளியுறைகளில்) பெண் தலை முத்திரை காணப்படும். எங்களுடையது வெறும் நிக்கல் கூடு.

எனக்கு வருத்தம் தந்தது இதற்குப் பிறகு நடந்தது. விலை கேட்கப் போன கடையில், டயலைப் புதிதாக அடித்து, கூட்டுக்குப் பாலிஷ் போட்டால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்றார்கள். பங்காளி வீடொன்றில் முன்பே அப்படிச் செய்த கடிகாரம் ஒன்று இருந்ததால் அதை வாங்கி என் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எழுத்து தடித்திருந்தது, நிமிடக் கோடுகள் எண்களோடு பொருந்தவில்லை, சிறிய விநாடி வட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது முகப்பைத்தான். மங்கிக் கறை படிந்த அசல் முகப்புக்கு உள்ள மதிப்பு, பளபளக்கும் மறுபூச்சுக்கு இல்லை. பாலிஷோ கூட்டின் விளிம்புகளையும் முத்திரைகளையும் தேய்த்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கடிகாரத்தின் முட்களில் இருந்த பழுப்பு நிறப் பூச்சைக் குழந்தைகள் நகத்தால் சுரண்டப் பார்த்தார்கள். நல்லவேளையாகக் கண்ணாடி தடுத்தது. 1960-களுக்கு முந்தைய ஒளிரும் முட்களில் பெரும்பாலும் ரேடியம் உண்டு. இருட்டில் இப்போது ஒளிரவில்லை என்பதால் அது தீர்ந்துபோனதாகக் கொள்ளக் கூடாது. உடன் கலந்த, ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடுதான் கெட்டிருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். அதன் தூள் மூச்சிலோ வாயிலோ சென்றால் ஆபத்து என்பதால், கண்ணாடியை வீட்டில் கழற்றாதிருப்பதே நல்லது. ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவி கொடுப்பதும் வேண்டாம். உலர்ந்த எண்ணெயோடு சுழலும் அச்சு தேயும்.

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இத்தகைய இயந்திரங்களைப் பிரித்துத் துடைத்து எண்ணெயிடத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தங்கள் நாளிதழ் அவர்களைச் சந்தித்து, அவர்கள் கைப்பழக்கத்தில் அறிந்தவற்றைக் கேட்டு வெளியிட வேண்டும். அவர்களில் ஒருவர் பழுது பார்த்ததில் எங்கள் ஐயாவின் கடிகாரம் மீண்டும் ஓடுகிறது. நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பின்தங்குகிறது. முகப்பில் கை வைக்கவில்லை. எட்டுப் பங்கில் அது யாருக்கு என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தேவகோட்டை.