மாப்பிள்ளைக்கு, வேட்டி விஷயமாக

அன்புள்ள மாப்பிள்ளை,

உங்கள் பல்கலைக்கழக விழாவுக்கு எல்லோரும் அவரவர் தேசிய உடையில் வர வேண்டுமாம், நீயும் மற்றப் பையன்களோடு சேர்ந்து ஷெர்வானி வாடகைக்கு எடுக்கப் போகிறாயாம். அக்கா சொன்னாள். அதுகூடப் பரவாயில்லை. "வீட்டில் தெலுங்கு பேசுகிற நான் வேட்டி கட்டிக்கொண்டு தமிழன் என்று நின்றால் சரியா?" என்று கேட்டாயாமே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இந்தியாவுக்குச் சட்டப்படி தேசிய உடை என்று ஒன்று கிடையாது. கொடி உண்டு, கீதம் உண்டு, பறவைகூட உண்டு. உடையை அவரவர் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள். நல்லதுதான் செய்தார்கள். 1948இல் மவுண்ட்பேட்டனுக்கு அடுத்து கவர்னர் ஜெனரல் ஆனவர் ராஜாஜி, நம் ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். பதக்கங்கள் மின்ன மவுண்ட்பேட்டன் நின்ற இடத்தில் இவர் கதர் வேட்டியும் துண்டுமாக வந்து நின்றார். தேசத்துக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அதற்காக, ஈராயிரம் வருஷத்து முன்னோர் உடை என்று அங்கே மேடையில் அளந்துவிடாதே. தர்மபுரி அருங்காட்சியகத்து நடுகற்களைப் பார்த்தால் தெரியும். தொடை வரைக்கும் இடுப்பில் ஒரு துணி, முடிந்த கொண்டை, கையில் வில்லும் வாளும், உடம்பில் தைத்த அம்பு. மாடு மீட்கப் போய்ச் செத்த ஆட்கள். மேலுக்கு ஒன்றும் கிடையாது. முன்னோர் உடைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அந்த ஊர்க் குளிரில் நீயும் அப்படித்தான் நிற்க வேண்டும். காலர் வைத்த வெள்ளைச் சட்டையெல்லாம் தையல் மிஷின் காலத்துச் சரக்கு.

அந்தக் கற்களிலும் தமிழ் எழுத்து மட்டும் இல்லை. இந்தப் பக்கம் கன்னட எழுத்து வெட்டிய நடுகற்களும் கிடைத்திருக்கின்றன. கன்னடம் வழங்கிய கங்க, நுளம்ப அரசர்கள் ஆண்ட மண், வேறெப்படி இருக்கும்? ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைச் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எதில் விலை கேட்டாலும் பதில் வரும். உன் தாத்தா தெலுங்கில் திட்டுவார், தமிழில் கணக்கு எழுதுவார். இரண்டுக்கும் அதே வேட்டிதான். மடித்துக் கட்டினால் வேலை, இறக்கி விட்டால் மரியாதை. அவரிடம் போய் யாரும் சான்றிதழ் கேட்டதில்லை.

பாட்டியையும் சொல்ல வேண்டும். பட்டுப்புழு வளர்த்தவள். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து மல்பெரி இலை போட்டு, கூடு பிரித்து, மூட்டை கட்டி தர்மபுரி அங்காடிக்கு ஏற்றி விடுவாள். அந்தக் கூடு எங்கேயோ நூலாகி, எங்கேயோ புடவையாகி, யாரோ கட்டினார்கள். கல்யாணப் பட்டைத் தவிர வேறு பட்டு அவள் உடுத்தி நான் பார்த்ததில்லை. பாரம்பரியம் பேசுகிற யாரும் இலை போட்ட கையைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கோபம்தான்.

அரூர்ப் பக்கம் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் இருக்கிறார்கள். கண்ணாடி பதித்த அவர்கள் பாவாடையை இன்று அன்றாடம் உடுத்துகிறவர்கள் அரிது. ஆனால் வயதானவர்களிடம் கற்று அந்தத் தையலை இளம்பெண்கள் மீட்டுவிட்டார்கள். இப்போது அது பட்டணத்துக் குர்தாவிலும் தலையணை உறையிலும் போகிறது, கைக்குக் கூலியும் வருகிறது. தையல் பிழைத்ததில் சந்தோஷம். உடை பிழைத்ததா என்றால், அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வேட்டி அந்த நிலைக்கு வரவில்லை. ஆனால் அதற்கும் வாசலில் தடை இருந்தது. 2014இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனைச் சென்னையிலேயே ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. அதே ஆண்டு, இப்படித் தடுக்கக் கூடாது என்று சட்டமன்றம் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

ஆகவே ஷெர்வானி எடுக்கிற யோசனையை விட்டுவிடு. யாராவது கேட்டால் கிருஷ்ணகிரிக்காரன், வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ் என்று உள்ளதைச் சொல். உள்ளே தெர்மல் போட்டுக்கொள். இடுப்பில் நிற்காது என்று பயந்தால் ஒட்டிக்கோ வேட்டியே அனுப்புகிறேன், கேலி செய்ய மாட்டேன். நாலு முழமா எட்டு முழமா, கரை என்ன நிறம் என்று இந்த வாரத்துக்குள் அக்காவிடம் சொல்லிவிடு. பக்கத்து வீட்டுப் பையன் அங்கே புறப்படுகிறான், அவன் பெட்டியில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

உன் மாமா