செருப்புத் தைத்த வழக்கும் பொழுதுபோக்கு வாசகியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் மலரில் வந்த நாவல் கட்டுரை, 47-ஆம் பக்கம், இரண்டாவது பத்தி. துப்பறிதல், பேய், கேலி, தத்துவம் என்று எல்லாவற்றையும் ஒரே நாவலில் கலப்பது அண்மையில் வெளியிலிருந்து வந்த முறையாம். பொழுதுபோக்குக்காகப் படிக்கிறவர்களுக்கு அது பிடிபடாதாம். நான் பொழுதுபோக்குக்காகப் படிக்கிறவள். நாவலை வேறு எதற்குப் படிப்பார்கள்? டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதவா?

அந்த மலர் என் கைக்கு வந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது 'பிரதாப முதலியார் சரித்திரம்'. பெங்களூர் அவென்யூ ரோடு நடைபாதையில், இன்ஜினியரிங் கைடுகளுக்கு அடியில், அட்டை இல்லாமல் கிடந்தது. கடைக்காரருக்கு அது தமிழ் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. 60 சொன்னார், 40-க்குக் கொடுத்தார். அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக, இருந்தவர் என்பதும், 1879-இல் அச்சான இந்தப் புத்தகம்தான் தமிழின் முதல் நாவல் என்பதும் தங்களுக்குத் தெரியாததா? நானும் பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்கு எழுதியதுதான். 64 வயதில்தான் படித்தேன்.

குடும்பக் கதை மாதிரிதான் ஆரம்பிக்கிறது. மாப்பிள்ளை யார் வீட்டில் இருப்பது என்று இரண்டு அப்பாக்களுக்கும் தகராறு. சரி, இது நம்ம வீட்டுக் கதை என்று கால் நீட்டி உட்கார்ந்தால், நடுவில் ஒருவர் வந்து உபகதை சொல்கிறார். அதற்குள் இன்னொரு கதை. திடீரென்று தமிழ்நாட்டுக் கோர்ட்டில் தமிழர்கள் இங்கிலீஷில் வாதாடும் கூத்தைப் பற்றி ஒரு நீண்ட பிரசங்கம். முன்சீப்பாயிற்றே, வயிற்றெரிச்சலைக் கொட்டாமல் விடுவாரா? அது முடிவதற்குள் யானை வந்து மாலை போட, ஆண் வேஷத்தில் இருக்கும் ஞானாம்பாள் விக்கிரமபுரிக்கு ராஜாவாகிவிடுகிறாள்! அவள் புருஷனோ அதே ஊர் ஜெயிலில். குற்றம் என்ன தெரியுமா? அறுந்த செருப்பைத் தைத்துக் கொடுத்தால் உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். தைத்தவருக்கு எவ்வளவு காசு கொடுத்தாலும் சந்தோஷம் வரவில்லை. அந்த வழக்கை ஞானாம்பாள் எப்படி முடித்துவைக்கிறாள் என்று நான் சொல்லப்போவதில்லை. தங்கள் கட்டுரையாளர் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இந்தச் செருப்பு வழக்கை மெட்ரோவில் படித்து நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஒயிட்ஃபீல்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் காதிலிருந்து வயரை எடுத்துவிட்டு, "ஏனம்மா?" என்றாள். எனக்குத் தெரிந்த அல்சூர் கன்னடத்தில் கதையைச் சொன்னேன். பையப்பனஹள்ளியில் இறங்க வேண்டியவள், தீர்ப்பைக் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று அடுத்த ஸ்டேஷன் வரை வந்தாள். அவளுக்கு எது பிடிபடவில்லை?

இதே ஊரில், ஜலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே சுஜாதா எழுதினாரே, 'கொலையுதிர் காலம்', அது என்ன வகையாம்? பேய்க்கதையா, விஞ்ஞானமா, துப்பறிதலா? அதில் துப்பறிகிற வக்கீல்கள் இருவரில் வசந்த் பேய் என்பான், கணேஷ் இல்லை என்பான். அதைத் தொடராக வந்தபோதே வாரா வாரம் கிழித்து, சேர்த்து, பைண்டு செய்து வைத்திருக்கிறேன். ஒரு வாரம் மட்டும் இல்லை. என் மாமியார் அந்தப் பக்கங்களில் அப்பளம் உலர்த்திவிட்டார். எங்கள் தூரவாணி நகர் டெலிபோன் தொழிற்சாலை கேன்டீனில் பேயா சயின்ஸா என்று இரண்டு கட்சியே இருந்தது. சாலிடரிங் செய்கிற பெண்கள் சார், பேராசிரியர்கள் இல்லை.

பேச்சு வந்ததால் சொல்கிறேன். 31 வருஷமாகச் சந்தா கட்டுகிறேன். இதழ் தமிழ்நாட்டில் வெள்ளிக்கிழமை. எனக்கு அடுத்த செவ்வாய், புதன். விலை ஏறுவது மட்டும் எனக்கும் அதே நாளில். இலவச இணைப்பு என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். உள்ளே புரட்டினால் 'தமிழ்நாடு, புதுச்சேரி வாசகர்களுக்கு மட்டும்' என்று எறும்பு எழுத்தில் இருக்கிறது. எங்கள் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையாக 18 வருஷம் மூடிக் கிடந்தார். தினமும் அவரைப் பார்த்துக்கொண்டேதான் பஸ் ஏறப் போவேன். 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறந்தபோது கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து, தங்களுக்கு நான்கு பக்கம் எழுதினேன். இரண்டு வரி போட்டீர்கள். அதிலும் என் பெயரில் ஒரு எழுத்து போய், ஊர் பெல்லாரி ஆகியிருந்தது. அப்போது தங்கள் முன்னவர் ஆசிரியராக இருந்தார், தங்களைக் குற்றம் சொல்லவில்லை.

ஆனால் தொடர்கதைகளை நிறுத்தியது தாங்கள்தான். 'வாசகர்கள் விரும்புவதில்லை' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டு நிறுத்தினீர்கள். எந்த வாசகரைக் கேட்டீர்கள்? நாங்கள் படித்தவரை பேயும் கணக்கும் காதலும் வக்கீலும் ஒரே கதையில்தான் இருந்தார்கள், யாரும் யாரையும் இடிக்கவில்லை. அதை நிறுத்திவிட்டு, இப்போது இதெல்லாம் எங்களுக்குப் புரியாது என்று ஒருவரைவிட்டுச் சொல்லவும் சொல்கிறீர்கள்.

கட்டுரையாளர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றும் கிடையாது. படித்தவர், நன்றாக எழுதுகிறார், ஒரு வாக்கியத்தை முடிக்க ஆறு வரி எடுத்துக்கொண்டாலும். அவர் என்ன முடிவுக்கு வருகிறார் என்பதுகூட எனக்குத் தெரியாது. 48-ஆம் பக்கத்தின் அடியில் 'தொடர்ச்சி இணைப்பில்' என்று இருக்கிறது. இணைப்பு பெங்களூருக்கு வரவில்லை.

ஆகவே அந்த இணைப்பில் ஒரு பிரதி அனுப்பிவைத்தால் போதும். சுயவிலாசம் எழுதிய கவரும், 20 ரூபாய்க்கு ஸ்டாம்பும் இத்துடன் வைத்திருக்கிறேன். மீதிக் கட்டுரைக்கும் கோபப்பட வேண்டியிருந்தால் தனியாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பொழுதுபோக்கு வாசகி,
அல்சூர், பெங்களூரு – 8.

(பெயர் போட வேண்டாம். போட்டாலும் தப்பாகத்தான் வரும்.)