கடிக்காத நாய்க்கு ஏன் சங்கிலி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் நாய் இல்லாத வாசல் குறைவு. பால்மரம் (ரப்பர்) சீவிய காலத்தில் பாம்புக்கும் காட்டுப்பன்றிக்கும் குரைத்துக் காட்டியவை அந்த நாட்டு நாய்கள்தாம். இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் ரோட்வைலர் என்ற பெரிய காவல் நாய் இனத்தை வளர்ப்பது பெருமையாகிவிட்டது.

வளர்ந்த ஆண் ரோட்வைலர் 50 கிலோவைத் தாண்டும். அது பாய்ந்தால் பெரியவர்களே நிலைகுலைவார்கள், சிறுபிள்ளை என்ன ஆவது? பிட்புல், ஜப்பானியத் தோசா போன்ற நாய் இனங்களை இறக்குமதி செய்ய நம் மலேசியாவில் தடையே உண்டு. ரோட்வைலருக்குத் தடை இல்லை, கட்டுப்பாடு உண்டு.

இனத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு நாய் நாள் முழுக்கச் சங்கிலியில்தான் கிடக்கிறது. நடக்கக் கூட்டிப் போக ஆளில்லை. பழகாத மிருகத்துக்கு வெறி ஏறாமல் என்ன செய்யும்? போன மாதம் சங்கிலி அறுந்து, பேப்பர் போடும் தம்பியை வேலி ஏற வைத்துவிட்டது. நல்ல வேளை, கால்சட்டை கிழிந்ததோடு சரி. "விளையாடுது, கடிக்காது" என்று சிரித்தார் வீட்டுக்காரர்.

ஊராட்சி மன்றம் உரிமம் கொடுக்கும் முன் வேலியையும் கேட்டையும் நேரில் வந்து பார்க்கட்டும். தெருவுக்குக் கொண்டுவந்தால் வாய்ப்பூட்டு கட்டாயம் என்றாக்கட்டும்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்