செட்டைத் தொகுப்பாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் ‘செட்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் எத்தனை பொருள் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். ரசித்துத்தான் படித்தேன். ஆனால் கடைசிப் பத்தியில் கட்டுரையாளர், இனி ‘செட்’ வருகிற இடமெல்லாம் ‘தொகுப்பு’ என்றே எழுதுவோம் என்று முடித்திருந்தார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம். இங்கே வந்து ‘தொகுப்பைப் போட்டுவிட்டு வா’ என்றால் பையன் எதைப் போடுவான்? செட்டைப் போடு என்றால் மோட்டார் ஓடும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். 430 பொருள் என்று அவர் சொன்ன கணக்கு ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் உள்ளது. அதில் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஏறக்குறைய 60,000 சொற்களில் விளக்கம் எழுதியிருந்தார்கள். அப்புறம் அகராதியைப் புதுப்பிக்கும்போது ‘ரன்’ முந்திக்கொண்டது, வினையாக மட்டுமே அதற்கு 645 பொருள். ஆகவே ‘செட்’ இப்போது பழைய சாம்பியன்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று, ‘செட்’ ஒரே சொல் இல்லை, இரண்டு சொல். வினையாக வருவது பழைய ஆங்கிலச் சொல். உட்கார் என்பதற்கு ‘சிட்’, உட்கார வை என்பதற்கு ‘செட்’, நம்முடைய இரு, இருத்து மாதிரி. ஆட்கள் சேர்ந்த கூட்டத்தைக் குறிக்கும் செட் அது அல்ல. அது லத்தீனில் ‘செக்டா’ என்று கிளம்பி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒருவர் பின்னாலேயே போகிற கூட்டம் என்று அதற்குப் பொருள். இரண்டும் ஒரே உச்சரிப்பில் கலந்து கிடக்கின்றன. கோயில் திருவிழாவில் தகராறு செய்துவிட்டு ஓடுகிற பையன்களைப் பார்த்து ‘அந்தச் செட்டுதான் சார்’ என்று டீக்கடைக்காரர் கை காட்டுகிறாரே, அவர் அறியாமல் லத்தீன் பேசுகிறார்.

சரி, எங்கள் ஊர்ச் செட்டுக்கு வருகிறேன். டெல்டாவில் செட்டு என்றால் முதலில் பம்புசெட்டுதான். ஆங்கிலத்தில் அது மோட்டாரும் பம்பும் சேர்ந்த இணைக்குப் பெயர். எங்கள் வாயில் அது ஆழ்துளைப் போரையும், மேலே உள்ள கொட்டகையையும், முன்னால் உள்ள தொட்டியையும், பக்கத்துத் தென்னையையும்கூடச் சேர்த்துக்கொண்டுவிட்டது. (கொட்டகை என்ற பொருளில் வருகிற ‘ஷெட்’டையும் நாங்கள் செட்டு என்றே சொல்வதால் இந்தக் கலப்பு இன்னும் சுலபமாகிவிட்டது.) ‘செட்டுக்குக் குளிக்கப் போகிறேன்’ என்பார்கள். ‘அவருக்கு மூணு செட்டு’ என்றால் அது ஆளின் வசதியைச் சொல்கிற கணக்கு. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் செட்டு வைத்திருப்பவர் முன்னதாகவே குறுவைக்கு நாற்று விட்டுவிடுவார். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியவர் தினமும் பேப்பரில் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனையும் சுமக்கிற சொல்லைத் தூக்கிவிட்டுத் தொகுப்பு என்று போட்டால் என்ன மிஞ்சும்?

கும்பகோணம் பாத்திரக்கடையில் டபரா செட், கல்யாண வீட்டில் மைக்செட், சாமி புறப்பாட்டுக்கு எத்தனை செட் மேளம் என்று கேட்பது, இவையும் அப்படித்தான். யாரும் இவற்றை ஆங்கிலம் என்று நினைத்துப் பேசுவதில்லை.

தவிர, செட்டு என்று நம்மிடமே பழைய சொல் ஒன்று உண்டு. சிக்கனம் என்று பொருள். என் அம்மாவுக்கு யாரையாவது பாராட்ட வேண்டுமானால் ‘கட்டும் செட்டுமாக் குடித்தனம் பண்றா’ என்பார். அதைவிடப் பெரிய விருது அவரிடம் கிடையாது. என் தங்கை மகள் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான மாநிலத் தகுதித் தேர்வில் தேறினாள். அதன் ஆங்கிலச் சுருக்கமும் செட்தான். ஓடிவந்து ‘அம்மாச்சி, செட்டு முடிச்சிட்டேன்’ என்றாள். அம்மா நிதானமாக வெற்றிலையை மடித்துக்கொண்டே ‘மாப்பிள்ளை எந்த ஊரு?’ என்று கேட்டார்.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. இப்போது கல்யாணமும் ‘செட்’தான் ஆகிறது. கட்டுரையாளர் கோபப்பட்டிருக்க வேண்டியது இந்த ‘செட் ஆவது’ மேல்தான் என்பது என் எண்ணம், பாவம் பம்புசெட்டின் மேல் பாய்ந்துவிட்டார். பெயர்ச்சொல்லாக வந்த செட் ஒரு புதுப் பொருளோடு வந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். வினையாக வந்தது வீட்டில் இருந்தவர்களை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் வரன் குதிரவில்லை என்பார்கள், தகையவில்லை என்பார்கள், கூடிவரவில்லை என்பார்கள். மூன்றும் ஒன்றல்ல. நாம் நினைத்த மாதிரி ஓர் இடம் அகப்படாவிட்டால் குதிரவில்லை. பேசிப் பார்த்தும் கொடுக்கல் வாங்கலில் படியாமல் போனால் தகையவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் நேரம் வாய்க்காவிட்டால் கூடிவரவில்லை, அதில் யார் மேலும் பழி இல்லை. இப்போது தரகர் போனில் ‘செட் ஆகலைங்க’ என்று வைத்துவிடுகிறார், பெண்ணைப் பெற்றவர் இராத்திரி முழுக்க விழித்துக்கொண்டு, ஜாதகமா, நகையா, பெண்ணின் நிறமா என்று யோசிக்கிறார்.

தளம் போட்ட கொத்தனார், இறுகட்டும் என்று சொல்வதில்லை, செட் ஆகட்டும் என்கிறார். பால் உறையவில்லை, தோயவில்லை என்பது போய்த் தயிர் செட் ஆகவில்லை. புது ஊரின் தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் செட் ஆகவில்லை, மருமகளும் மாமியாரும் ஒத்துப்போகாவிட்டாலும் அதே. என் வாயிலும் வருகிறது, மறைப்பானேன். போன வாரம் டாக்டரிடம் ‘அந்த மாத்திரை எனக்குச் செட் ஆகலை’ என்றேன். அவர் ‘வயிற்றைப் பிரட்டியதா, வலி கேட்கவில்லையா?’ என்று திருப்பிக் கேட்டார். முதலிலேயே தமிழில் சொல்லியிருந்தால் அந்தக் கேள்விக்கு வேலை இருந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘செட்’டுக்குத் தமிழ் தேடுகிறவர்கள் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கலாம். முதல் பாடமே ‘கண மொழி’. கணம் என்று அழகாக வைத்திருக்கிறார்கள், வெற்றுக் கணம்கூட உண்டு. ஒன்பதாவதில் எங்கள் செட்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், கணக்கு வாத்தியார் உள்ளே நுழையும்போதே ‘பூதகணங்கள் எல்லாம் வந்தாச்சா?’ என்பார். அன்றைக்குத் திட்டு என்று நினைத்தோம், மனுஷன் சரியாக மொழிபெயர்த்திருக்கிறார்.

கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் எங்கள் செட்டில் ஒரு குளியல் போடட்டும், டபரா செட்டில் காபி தருகிறேன். தொகுப்பில் கேட்டால் மட்டும் கிடைக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வலங்கைமான் வட்டம்.