பூசணி காய்க்கணும்னா தேனீக்குத் தீனி போடு

அன்புள்ள அம்மணிக்கு,

பூசணிப் பிஞ்செல்லாம் வெம்பி விழுகிறதென்று சொன்னாயே, அது உரக்குறை இல்லை. பூசணிப்பூ விடியலில் விரிந்து பத்து மணிக்குள் வாடிவிடும். அதற்குள் ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவில் சேராவிட்டால் பிஞ்சு நிற்காது. இப்போதைக்கு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவிவிடு. தினமும் இது ஆகிற வேலையா? தேனீதான் வரணும்.

நர்சரியில் வாங்கிய அடுக்குச் செண்டுமல்லியில் இதழ்தான் மிச்சம், தீனி கம்மி. இட்லிப்பூவின் குழாய் நீளம், அது பட்டாம்பூச்சிக்கு. ஒற்றை இதழ்ப் பூவாக வை: காஸ்மாஸ், டேபிள் ரோஸ், சூரியகாந்தி. கூடவே துளசி, திருநீற்றுப்பச்சிலை. சாதிக்கு ஒரு செடியாகச் சிதறவிடாதே. தேனீ ஒரு நடையில் பெரும்பாலும் ஒரே சாதிப் பூவைத்தான் சுற்றும். மூன்றடிக்கு மூன்றடி பாத்தி நிறைய ஒரே பூ இருந்தால்தான் அதற்குக் கட்டுபடியாகும்.

துளசிக்கதிரை மொத்தமாகக் கிள்ளிவிடாதே. கதிரில் அடியிலிருந்து நுனிக்கு வட்டம் வட்டமாகத்தான் பூ விரியும், ஒரே கதிர் பல நாள் தீனி. பாதிச் செடியில் மட்டும் கிள்ளு. கொத்தமல்லியும் ஒருக்கா தழை அறுத்ததும் பூக்க விட்டுவிடு.

பங்குனி, சித்திரையை வேம்பும் புங்கனும் பார்த்துக்கொள்ளும். ஆனி, ஆடிதான் பஞ்சம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேகாத்தில், அதாவது மேற்குக் காற்றில், தேனீ பறக்கவே திணறும். அதனால் பாத்தியை வீட்டுக்குக் கிழக்கே, சுவர் மறைவில் போடு. காலை வெயிலும் கிடைக்கும். வைகாசி பிறந்ததும் சூரியகாந்தி பத்து விதை ஊன்று, 15 நாள் விட்டு இன்னொரு பத்து. 55, 60 நாளில் பூக்கும். சாயம் ஏற்றிய விதை வேண்டாம். அது மருந்து கலந்தது, சில மருந்து மகரந்தம் வரைக்கும் ஏறும்.

அசுவினிப் பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடி, பெரும்பாலும் போய்விடும். வேப்பெண்ணெய் என்றாலும் பொழுது சாய்ந்த பிறகு, பூவில் படாமல் அடி. மண்தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் முழுகாமல் தண்ணீர் வை. நிற்க இடமில்லாவிட்டால் தேனீ விழுந்து செத்துப்போகும். இரண்டு நாளைக்கு ஒருக்கா மாற்று, இல்லையென்றால் கொசு.

மாதுளைக் கிளையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒற்றை அடை கண்டால் அது கொம்புத்தேனீ. புகை போடாதே, ஆள் கூப்பிடாதே. தீனி குறைந்தால் தானே இடம் மாறிவிடும். பாப்பா அந்தப் பக்கம் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்.

அப்பா