‘அதே கம்பெனி இன்ஜின்’ என்றால் எது? பழைய கார்களுக்காக ஒரு திறந்த மடல்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்துக்கும், பழங்கால வாகனங்களைப் பதிவு செய்யும் மாநிலக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கோயம்புத்தூரில் பழைய கார்களைச் சரிசெய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்திவருகிறேன். அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வில்லிஸ் ஜீப் என இருபத்தெட்டு ஆண்டுகளாக இவற்றோடுதான் என் பிழைப்பு. 2021 ஜூலையில் நீங்கள் வெளியிட்ட பழங்கால வாகன விதிகளை மனதார வரவேற்றவர்களில் நானும் ஒருவன். 50 ஆண்டு கடந்த வண்டிக்குத் தனிப் பதிவு, நம்பர் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள், 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுச் சான்றிதழ். பழைய காரைப் பழைய இரும்பாகவே பார்த்துவந்த நாட்டில் இது பெரிய காரியம்.

ஆனால் அந்த விதியில் உள்ள ஒரு வரி, என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸி எனும் அடிச்சட்டம், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் செய்த மாற்றம் உட்பட பெரிய மராமத்து எதுவும் நடந்திருக்கக் கூடாது என்கிறது அந்த வரி. இன்ஜினில் மாற்றம் என்றால் எது? 1968 அம்பாசிடருக்கு 1974 அம்பாசிடரின் இன்ஜினைப் போடுவதும், ஏதோ ஒரு ஜப்பான் காரின் இன்ஜினைப் போடுவதும் ஒன்றா? விதி சொல்லவில்லை. விதி சொல்லாமல் விட்டதை, வண்டியைப் பார்வையிட வருகிறவர் அன்று தமக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொள்கிறார்.

என் அப்பாவின் வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். 1968 மாடல் அம்பாசிடர் மார்க் 2. 1979இல் இரண்டாம் கையாக வாங்கி டாக்சியாக ஓட்டினார். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். பெட்ரோல் விலை ஏற ஏற, நாளெல்லாம் ஓட்டினாலும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. 1983இல் ஒரு வேனிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜினைப் பொருத்தினார். எங்கள் டாக்சி ஸ்டாண்டில் நின்ற வண்டிகளில் பலவற்றுக்கும் இதே கதைதான். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி. என்ற பதிவுப் புத்தகத்தை எடுத்து, எரிபொருளையும் இன்ஜின் எண்ணையும் மாற்றி எழுதி, முத்திரையும் வைத்துக் கொடுத்தார்கள். ஒளிவுமறைவு ஏதுமில்லை. அந்த டீசல் இன்ஜின் சம்பாதித்துக் கொடுத்ததில்தான் நானும் என் தங்கையும் படித்தோம்.

வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த மாற்றம் அது. அதற்காக வண்டி பட்ட பாட்டை, 2016இல் முன்பக்கத்தைப் பிரித்தபோதுதான் முழுதாகப் பார்த்தேன். டீசல் இன்ஜினின் சம்ப், அதாவது அடியில் உள்ள ஆயில் தொட்டி, இடிக்கிறது என்று முன் கிராஸ் மெம்பரைக் காஸ் கட்டரால் அரைவட்டமாக வெட்டியிருந்தார்கள். வண்டியின் முன்பாரத்தையே தாங்குகிற பகுதி அது. வெட்டிய இடத்தில் ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். வெல்டிங் தடம் புழு ஊர்ந்ததுபோல மேடும் பள்ளமுமாக இருந்தது. அதன் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. முன்பக்க ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார்கள் கூடுதல் எடையில் தளர்ந்து, வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றது. பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை நடுவில் அறுத்துக் குறைத்திருந்தார்கள். அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருக்கும்போது டேஷ்போர்டில் வைத்த சில்லறை தானாக நகர்ந்து கீழே விழும். சிறுவயதில் எங்களுக்கு அது விளையாட்டு. அந்த அதிர்வு அத்தனை வருடமும் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது அந்த வெடிப்பைத் தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கிராஸ் மெம்பரை முறையாகப் பலப்படுத்திவிட்டு, சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பிடித்த 1489 சிசி அம்பாசிடர் பெட்ரோல் இன்ஜினை இறக்கினோம். அரை நாள் வேலை. மவுண்டிங் துளைகள் நேராக நின்றன. கிளட்ச் ஹவுசிங் போல்ட்டுகள் விரலாலேயே ஏறின, கடைசி இறுக்கத்துக்குத்தான் ஸ்பேனரை எடுத்தோம். எந்தக் குழாயையும் வளைக்கவில்லை, எந்தத் தகட்டையும் அறுக்கவில்லை. சூடான பிறகும் ஆயில் பிரஷர் முள் 50 பவுண்டில் அசையாமல் நின்றது.

இந்த வண்டியைப் பழங்கால வாகனமாகப் பதிவு செய்ய முயன்றபோது கிடைத்த பதில், “இன்ஜின் எண் முதல் பதிவோடு ஒத்துப்போகவில்லை, ஆகவே இது மாற்றம்” என்பது. எந்த அலுவலகம், யார் சொன்னது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கையில் இருக்கும் விதியைப் படித்து அவர் அப்படிச் சொன்னார். எண்ணைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்தார்கள், எண் வேறு, கதை முடிந்தது. 1968இல் அந்தக் காரோடு வந்த இன்ஜின் எப்போதோ உருக்கப்பட்டிருக்கும். அம்பாசிடரைச் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸின் அதே உத்தரபாரா தொழிற்சாலையில், அதே அச்சில் வார்த்த இன்னொரு இன்ஜினும், கிராஸ் மெம்பரை வெட்டி நுழைத்த வேன் இன்ஜினும் உங்கள் தாளில் ஒரே கட்டத்தில் விழுகின்றன. இதுதான் என் குறை.

மோட்டார் வாகனச் சட்டத்துக்கே இந்த வேறுபாடு தெரியாததல்ல. பிரிவு 52, பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்களை வைத்திருப்பவர் அதே தயாரிப்பும் வகையும் கொண்ட இன்ஜினை முன் ஒப்புதல் இல்லாமல் மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதிக்கலாம் என்கிறது. அங்கீகரித்த கிட் இருந்தால் இன்ஜினையே எடுத்துவிட்டு பாட்டரிக்கு மாறவும் அதே பிரிவு வழிவிடுகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. லாரி வைத்திருப்பவருக்கும் பாட்டரிக்கு மாறுகிறவருக்கும் சட்டம் காட்டும் தெளிவு, காரை அது பிறந்தபடியே வைத்திருக்கப் பாடுபடுகிறவனுக்கும் வேண்டும் என்கிறேன். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. இவ்வளவு கடுமையான சட்டத்தில் ‘மாற்றம்’ என்ற சொல் மங்கலாக இருக்கக் கூடாது.

அப்படியானால் அதே கம்பெனி இன்ஜின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அனுமதித்துவிடலாமா? அதற்கும் நான் உடன்பட மாட்டேன்.

1965 அம்பாசிடரோடு ஒருவர் என்னிடம் வந்தார். இசுசு 1.8 லிட்டர் இன்ஜினைப் பொருத்தித் தரச் சொன்னார். “இந்துஸ்தான் மோட்டார்ஸே போட்ட இன்ஜின்தானே, அதே கம்பெனிதானே?” என்றார். உண்மைதான். 1990களின் தொடக்கத்தில் அந்தத் தொழிற்சாலையே இசுசு இன்ஜினை அம்பாசிடருக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதோடு ஐந்து கியர் பெட்டியும் வந்தது, கியர் கம்பி ஸ்டீயரிங் பக்கத்திலிருந்து தரைக்கு இறங்கியது. பழைய இன்ஜின் சுமார் 50 குதிரைத்திறன், இது 75. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள 1965 காரில் 75 குதிரையைப் பூட்டிவிட்டு, பாலக்காட்டுச் சாலையில் அவர் குடும்பத்தோடு போவதை நினைத்துப் பார்த்தேன். செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மூடியில் இருக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் அந்த இன்ஜின் அந்த உடம்புக்காகப் பிறந்ததல்ல.

பெயரை நம்பிக் கெட்ட கதை சென்னைக்கு அருகிலேயே நடந்திருக்கிறது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் அழகான பாடி அது. அங்கே அதில் எட்டு சிலிண்டர் கொண்ட மூன்றரை லிட்டர் வி8 இன்ஜின் வரை போட்டார்கள். இங்கே, தங்கள் கைவசம் இருந்த பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் வழிவந்த 1991 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜினைப் பொருத்தினார்கள். சொந்த வீட்டு இன்ஜின்தான், ஆனால் அது நாற்பதுகளில் பிறந்தது. கார் இழுக்கத் திணறியது, பெட்ரோலையும் குடித்தது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. அந்த பாடியைத் தொட்டுத் துடைத்திருக்கிறேன் என்பதால் இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வேறு கம்பெனி இன்ஜின் என்பதாலேயே ஒரு கார் கெட்டுப்போகும் என்பதும் சரியல்ல. பிரிட்டனின் சன்பீம் டைகர் 1964இல் ஃபோர்டின் 4.3 லிட்டர் வி8 இன்ஜினோடு வெளிவந்தது. பின்னர் சன்பீமின் தாய் நிறுவனத்தை கிரைஸ்லர் தன் கைக்குள் கொண்டுவந்தது. தன் காரில் ஃபோர்டு இன்ஜினா என்று தன் சொந்த வி8ஐப் பொருத்தப் பார்த்தது. அந்த இன்ஜினில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருந்தது, ஃபோர்டில் முன்பக்கம். டைகரின் குறுகலான இன்ஜின் அறையில் இடம் போதவில்லை. 1967இல் காரையே நிறுத்திவிட்டார்கள். அங்கே அந்நிய இன்ஜின் ஒட்டியது, உரிமையாளரின் இன்ஜின் ஒட்டவில்லை. இன்று அந்த டைகரை ஃபோர்டு இன்ஜினோடு வைத்திருந்தால்தான் அசல் என்று மதிக்கிறார்கள்.

ஆகவே கம்பெனிப் பெயரை அல்ல, இன்ஜினின் குடும்பத்தை, அதாவது அது எந்த மூல வடிவமைப்பிலிருந்து வளர்ந்தது என்பதைப் பாருங்கள் என்று கேட்கிறேன். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஹெரால்டு. அதில் இருந்த ஸ்டாண்டர்டு எஸ்சி என்ற இன்ஜின் குடும்பம் 1953இல் 803 சிசியாகத் தொடங்கி, 948, 1147, 1296 என வளர்ந்து 1493 சிசி வரை போனது. வண்டலூர் ஹெரால்டு 948இல் ஓடியது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க வண்டியை வெட்ட வேண்டியதில்லை. 948 வெடித்துப்போன ஹெரால்டுக்கு 1147 கிடைத்தால் நான் தயங்காமல் போடுவேன். அதை ‘மூல வடிவம் கெட்டது’ என்று யாராவது சொன்னால், அவர் அந்தக் காரின் பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நான் கேட்பது இதுதான். காரை முதலில் செய்தவர், அந்த மாடலுக்கென்று அதன் காலத்தில் பொருத்திய இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த எதையும், எண் வேறாக இருந்தாலும், பழுதுபார்ப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். இன்ஜின் எண் மாறியதை மறைக்காமல் சான்றிதழிலேயே எழுதுங்கள். பின்னாளில் விலை கொடுத்து வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டும். அதே கம்பெனியாக இருந்தாலும் வேறு குடும்பம், வேறு காலம் என்றால் பிரேக்கையும் எடையையும் சோதித்த பிறகே முடிவெடுங்கள்; ‘விஏ’ எழுத்து தர முடியாது என்றாலும் சாதாரணப் பதிவுக்கு ஒரு வழி காட்டுங்கள். இன்றைக்கு ஆசைக்காக, 50 ஆண்டுக் காரை அறுத்து, டர்போ டீசலை நுழைத்துக் கொண்டுவருகிறவருக்குப் பழங்கால எண் வேண்டாம். அதில் உங்கள் விதியின் பக்கம்தான் நானும் நிற்கிறேன்.

எழுபது எண்பதுகளில் அரசு அலுவலகத்தின் முத்திரையோடு டீசலுக்கு மாறிய டாக்சிகளையும் ஜீப்புகளையும் மட்டும் தனியாகப் பாருங்கள். எண்ணெய் விலை ஏறிய ஒரு காலத்தை நம் ஊர் டிரைவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. அப்படி ஒரு வண்டி டீசலோடே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதைப் பெட்ரோலுக்குத் திருப்பியே ஆக வேண்டும் என்று உரிமையாளரை நெருக்காதீர்கள். நானே என் அப்பாவின் வண்டியைத் திருப்பியிருக்கக் கூடாதோ என்று சில நாட்களில் நினைத்ததுண்டு. கிராஸ் மெம்பர் வெடித்திருந்ததால்தான் திருப்பினேன்.

என் விண்ணப்பத்தைத் திரும்பவும் அனுப்பியிருக்கிறேன். 1983இல் முத்திரை வைத்த ஆர்.சி. புத்தகத்தின் நகலையும், கழற்றி வைத்திருக்கும் டீசல் இன்ஜினின் புகைப்படத்தையும் இணைத்திருக்கிறேன். வண்டியைப் பார்க்க வரும்போது தயவுசெய்து முன்பக்கம் குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த அரைவட்ட வெட்டு அங்கேதான் இருக்கிறது. பலப்படுத்தினேனே தவிர, பூசி மறைக்கவில்லை.

இப்படிக்கு,
அம்பாசிடர் டாக்சி ஓட்டியவரின் மகன்,
கோயம்புத்தூர்